கோட்டில் ஒரு முகம்: ஐபேடா, பேனா டேப்லெட்டா, மவுஸே போதுமா?

மகளிர் தினமான மார்ச் 8 நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். பள்ளி ஆசிரியராக இருப்பார், இல்லாவிட்டால் நூலக வாசகர் வட்டத்துக்காரர். “ஆறேழு பெண் ஆளுமைகளைக் கோட்டோவியமா வரைஞ்சு மாட்டலாம்னு இருக்கோம். டிஜிட்டல்ல எதுல வரையறது? ஐபேட் வாங்கித்தான் ஆகணுமா?” யார் யார் என்று கேட்டால் பட்டியல் பெரும்பாலும் இப்படி வரும்: முத்துலட்சுமி ரெட்டி, எம்.எஸ். சுப்புலட்சுமி, கே.பி. சுந்தராம்பாள், தாவரவியலாளர் ஜானகி அம்மாள், வானிலை அறிவியலாளர் அன்னா மாணி, கேப்டன் லட்சுமி. வேலு நாச்சியார் கட்டாயம் இருப்பார்.

ஐபேட் வேண்டியதில்லை என்பதே என் பதில். ஆனாலும் சிலருக்கு ஐபேட்தான் சரி. சிலருக்கு வெறும் மவுஸே மேல். இன்னும் சிலருக்குத் திரையே வேண்டாம், தாளில் வரைந்து கணினிக்குள் ஏற்றிக்கொண்டால் போதும். வரையப் போகும் முகம் எப்படிப்பட்டது, படம் கடைசியில் எங்கே போய் மாட்டப்படப் போகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் செயலியைத் தேர்வது பெரிய வேலையில்லை.

முகத்திலிருந்தே தொடங்கலாம். கோட்டோவியத்தில் நிழல் கிடையாது, நிறம் கிடையாது. ஆளைக் காட்டிக்கொடுப்பவை மூன்று நான்கு கோடுகள்தாம். எம்.எஸ்.ஸுக்கு மூக்கின் இரு பக்கமும் மூக்குத்தி, நெற்றிப் பொட்டு, கொண்டையில் மல்லிகை. இவை இடம் பிசகாமல் விழுந்துவிட்டால் கண்ணுக்கு இரண்டு வளைவோடு நிறுத்திக்கொள்ளலாம். கே.பி.எஸ்.ஸுக்கு நெற்றி நிறைந்த திருநீறு. 1933இல் கணவர் கிட்டப்பா மறைந்த பிறகு அவர் உடுத்தியது வெள்ளைக் கதர்ச் சேலை. கரை, சரிகை, நகை என்று வரைபவரின் கை அலைய வேண்டியதில்லை. கேப்டன் லட்சுமிக்கு 1943இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணி படையின் சீருடையும் தொப்பியும். இப்படி அடையாளம் கைகொடுக்கும் முகங்களை எந்தக் கருவியிலும் ஒப்பேற்றிவிடலாம்.

கருவிக்குச் சோதனை அன்னா மாணியும் ஜானகி அம்மாளும்தான். பிடித்துக்கொள்ள அலங்காரம் எதுவும் இல்லை. மூக்கின் நீளம், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, தாடையின் அகலம், இவ்வளவுதான் ஆள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிடுவார். இவர்கள் உங்கள் பட்டியலில் இருந்தால், புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து முறை அழித்து, நகர்த்தி, திருப்பிப் பார்க்கும் வசதியுள்ள கருவி வேண்டும். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் திருப்பிப் பார்த்தால் சாய்ந்த கண்ணும் கோணிய வாயும் உடனே தெரிந்துவிடும். கிருத்தா என்ற கணினி வரைசெயலியில் எம் விசையைத் தட்டினால் போதும், ஐபேடின் வரைசெயலியான புரோகிரியேட்டில் கேன்வாஸ் மெனுவில் இருக்கிறது. முகம் வரைபவருக்கு நூறு தூரிகைகளைவிட இந்த ஒன்று பெரிய வசதி.

கைபேசியும் விரலும்

செலவே இல்லாத வழி என்பதால் இதை முதலில் பார்த்துவிடுவோம். ஐபிஸ்பெயின்ட் என்ற வரைசெயலி ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்குகள் உண்டு, கை நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் உண்டு, கோட்டின் தொடக்கமும் முடிவும் மெலியும்படி வைக்கும் அமைப்பும் உண்டு. ஆனால் விரலின் அழுத்தம் திரைக்குத் தெரியாது, அழுத்தினாலும் கோடு தடிக்காது. விரல் நுனி, வரைய வேண்டிய கண்ணையே மறைக்கும். கடையில் கிடைக்கும் ரப்பர் முனை ஸ்டைலஸும் திரைக்கு இன்னொரு விரல்தான். இன்ஸ்டாகிராமின் 1080 × 1350 படத்துக்கு இது போதும். சுவருக்குப் போதாது.

சாம்சங் டேப் எஸ்6 லைட் போன்ற, பெட்டியிலேயே எஸ் பென் வருகிற டேப்லெட் வீட்டில் இருந்தால் கதையே வேறு. அந்தப் பேனா அழுத்தம் அறியும், சார்ஜும் கேட்காது. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கி, இப்போது யூட்யூப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் டேப்லெட்டுகள் எத்தனையோ வீட்டில் கிடக்கின்றன. புதிதாக எதையும் வாங்கும்முன் அதை ஒருமுறை தூசி தட்டிப் பார்க்கலாம்.

ஐபேடும் புரோகிரியேட்டும்

கோடு எங்கே விழுகிறதோ அங்கேயே கையும் கண்ணும் இருக்கும். இந்தச் சுகத்தை மறுக்க முடியாது. புரோகிரியேட்டுக்கு மாதச் சந்தா கிடையாது, ஒருமுறை பணம் கட்டினால் முடிந்தது. வரைவதைத் தானாகவே வீடியோவாகப் பதிந்துகொள்ளும். பிள்ளைகளுக்குக் காட்ட நினைக்கும் ஆசிரியருக்கு அது ஒன்றே போதும், அவர்கள் கண்முன்னே எம்.எஸ். கோடு கோடாக உருவாகி வருவார்.

பணம்தான் இடிக்கிறது. புதிய ஐபேடில் மலிவானதையே வாங்கினாலும் பென்சிலோடு சேர்த்து 40,000 ரூபாயைத் தாண்டிவிடும். அதில் ஒரு பொறியும் இருக்கிறது: 2023இல் வந்த யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலுக்கு அழுத்தம் அறியும் திறன் கிடையாது. விலை குறைவு என்று அதை எடுத்தால், அழுத்தினாலும் வருடினாலும் ஒரே தடிமனில்தான் கோடு வரும். கோட்டோவியம் வரைய நினைப்பவர் முதல் தலைமுறைப் பென்சிலையோ அந்த ஐபேடுக்குப் பொருந்தும் அழுத்தம் அறியும் வேறொன்றையோ கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் தாமாக இதைச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொரு குறை, புரோகிரியேட்டில் எல்லாமே பிக்சல், அதாவது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன படம். கேன்வாஸ் பெரிதானால் அடுக்குகளின் எண்ணிக்கை குறையும், நினைவகம் குறைந்த ஐபேடில் இன்னும் குறையும். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாத கோடு, அதாவது வெக்டர் தூரிகை, வேண்டுமென்றால் அடோபி ஃபிரெஸ்கோ இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து அது இலவசம். ஐபேட் ஏற்கெனவே வைத்திருப்பவர் முதலில் அதைத் திறந்து பார்க்கலாம்.

பேனா டேப்லெட்டும் கணினியும்

என் ஓட்டு இதற்கு. கணினியோடு இணைத்து, கணினித் திரையைப் பார்த்தபடி பேனாவால் வரையும் பலகைதான் பேனா டேப்லெட். வாகொம், ஹூயான், எக்ஸ்பி-பென் என்று பல நிறுவனங்களின் சிறிய பேனா டேப்லெட்டுகள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன. வரைய கிருத்தா போதும், முற்றிலும் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 8,192 அழுத்த நிலைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். 2,048 நிலைகள் உள்ள ‘ஒன் பை வாகொம்’ டேப்லெட்டில் வரைந்த கோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

கை மேசையில், கண் திரையில். இந்தப் பிரிவுக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும், பலர் முதல் வாரத்திலேயே டேப்லெட்டை உறையில் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சில வாரங்களுக்குப் பிறகு கழுத்து வலிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து வரைகிற ஒரே வழி இதுதான் என்று புரியும். இன்னொரு விஷயம், டேப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்பில் டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நீங்கள் வட்டம் போட்டால் முட்டை வரும், முகம் வரைந்தால் கன்னம் புடைக்கும். “எனக்கு முக ஜாடையே வரல” என்று புலம்புகிறவர்களில் சிலருடைய குற்றவாளி இந்த ஒரு டிக் பெட்டிதான்.

இனி ஸ்டெபிலைசர். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. எல்லாச் செயலியிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது, புரோகிரியேட்டில் ஸ்ட்ரீம்லைன், கிருத்தாவில் தூரிகைக் கருவியின் அமைப்பில் சில வகைகள். புதிதாக வருபவர் இதை முழுதாக ஏற்றிவிட்டு, நடுங்காமல் வழுக்கிக்கொண்டு போகும் கோட்டைப் பார்த்து அசந்துபோவார். விளைவு முகத்தில் தெரியும். கேப்டன் லட்சுமி 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது அவருக்கு வயது 87. அந்த முகத்தைச் சீரான, ஈரமான வளைவுகளால் வரைந்தால் சீருடை போட்ட 1943ஆம் ஆண்டு லட்சுமிக்கு வெள்ளை முடி ஒட்டியதுபோல் இருக்கும். முதுமை கோட்டின் உடைவில்தான் இருக்கிறது. கண்ணுக்கடியில் தொடங்கி நின்றுபோகும் கோடு, உதட்டோரத்தில் தயங்கும் கோடு, கழுத்தில் இரண்டு விட்டுவிட்டுப் போகும் கோடு. மென்பொருள் இவற்றையெல்லாம் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறது. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த மைக்கோட்டுக் காந்திகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தக் கோடுகளில் வழவழப்பு தேடினாலும் கிடைக்காது.

ஆகவே இளம் முகத்துக்கு ஸ்டெபிலைசர் பாதி, முதிய முகத்துக்குப் பூஜ்யம் அல்லது அதற்கு அருகில். நீண்ட சேலை மடிப்புக்கும் கொண்டை வளைவுக்கும் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். அப்படியானால் வயதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற இளம் முத்துலட்சுமியா, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது 68ஐத் தொடவிருந்த முத்துலட்சுமியா? பள்ளிச் சுவருக்கு நான் இரண்டாமவரைத்தான் எடுப்பேன். பிள்ளைகள் சுவரில் பார்க்கும் பெண் முகங்களில் சுருக்கம் விழுந்தவை மிகக் குறைவு.

மவுஸும் வெக்டரும்

இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பேனாக் கருவியை எடுத்து, புள்ளி வைத்து, இழுத்து வளைத்து, அடுத்த புள்ளி வைப்பது. டேப்லெட் வேண்டாம், பழைய மடிக்கணினியே போதும். இதைச் சோம்பேறி வேலை என்று ஓவியர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த முறையில் ஒவ்வொரு கோட்டுக்கும் மெனக்கெட வேண்டும், அதனாலேயே தேவையில்லாத கோடு வராது. தூரிகையில் ஐம்பது கோடு கிறுக்கி அதில் முகத்தைத் தேடுபவர் இங்கே பன்னிரண்டு கோட்டில் முடித்துவிடுகிறார். கை ஓவியப் பயிற்சி இல்லாத ஒருவர் எம்.எஸ்., கே.பி.எஸ். போன்ற முகங்களை இந்த வழியில் நன்றாகவே கொண்டுவர முடியும்.

கோடு முழுவதும் ஒரே தடிமனில் இருந்தால் கம்பியை வளைத்ததுபோல் உயிரில்லாமல் தெரியும். அதற்குப் பாதை விளைவுகளில் பவர் ஸ்ட்ரோக் இருக்கிறது, ஒரே கோட்டை நடுவில் தடித்தும் முனையில் மெலிந்தும் ஆக்கலாம். கிளிப் ஸ்டுடியோவின் வெக்டர் அடுக்கில் பேனாவால் இயல்பாக வரைந்துவிட்டுப் பிறகு தடிமனை மாற்றலாம், இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் இடம்வரை மட்டும் அழிக்கலாம். ஆனால் அது காசு கட்டும் மென்பொருள். நாலைந்து படத்துக்காக வாங்க வேண்டியதில்லை.

வெக்டர் தவிர்க்க முடியாததாகும் இடம் ஒன்று உண்டு. சுவரில் வினைல் ஸ்டிக்கராக ஒட்டப் போகிறீர்கள் என்றால், கடையில் உள்ள கட்டிங் பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரம் பிக்சல் படத்தின் ஓரத்தைப் பின்பற்றி வெட்டாது, அதற்குக் கத்தி போக வேண்டிய வழியான வெக்டர் பாதை வேண்டும். ஆறடி உயரத்துக்கு ஏற்றினாலும் விளிம்பு உடையாது என்பது கூடுதல் லாபம். அச்சாகத் தாளில்தான் போகிறது என்றால் பிக்சலே போதும்: ஏ3 தாளுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 3508 × 4961 பிக்சல். ஃப்ளெக்ஸுக்கு அவ்வளவுகூட வேண்டாம், தூரத்திலிருந்து பார்ப்பதால் 100 டிபிஐ தாராளம்.

தாள், பேனா, கைபேசி கேமரா

யாரும் கேட்காத வழி, ஆனால் நோட்டுப் புத்தக ஓரத்தில் முகம் வரைந்தே வளர்ந்தவர்களுக்கு இதுதான் நான் சொல்வது. கையில் ஏற்கெனவே இருக்கும் திறமையை விட்டுவிட்டுக் கண்ணாடித் திரையின் வழுக்கலில் ஏன் மறுபடி அரிச்சுவடி தொடங்க வேண்டும்? நல்ல கறுப்பு மைப் பேனாவால் வெள்ளைத் தாளில் வரையுங்கள். ஸ்கேனர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஜன்னல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் படமெடுத்து, இங்க்ஸ்கேப்பில் ட்ரேஸ் பிட்மேப் கொடுத்தால் வெக்டர் தயார். சாதாரண முறையில் அது மைக்கோட்டின் இரு ஓரங்களையும் சுற்றி ஒரு வடிவமாக எடுக்கும், அதனால் பேனாவின் தடித்தல் மெலிதல் அப்படியே தங்கும். மையக்கோடு மட்டும் எடுக்கும் முறையும் உண்டு, முகத்துக்கு அது வேண்டாம். தாளின் கரடுமுரடான கோடு மென்பொருள் தரும் எந்த ‘மைத் தூரிகை’யையும்விட நன்றாகவே இருக்கிறது. குறை ஒன்றுதான்: மூக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்த வேண்டுமென்றால் நகர்த்த முடியாது. அன்னா மாணியை இப்படி வரைய முயன்றால் தாள் நிறையச் செலவாகும்.

ஒரே தட்டில் கோட்டோவியம்

புகைப்படத்தைப் போட்டால் கோடாக்கித் தரும் ஃபில்டர்களும், பெயரைச் சொன்னாலே படம் வரைந்து தரும் ஏஐயும் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஃபில்டர், வெளிச்சம் மாறும் இடத்தையெல்லாம் விளிம்பு என்று எண்ணிக்கொள்கிறது. 1940களின் கறுப்பு வெள்ளைப் படத்தில் அது சேலைக் கரையின் சரிகையை இழை இழையாக எடுத்துவிட்டு, நிழலில் கிடக்கும் தாடையை விட்டுவிடும். ஏஐ தரும் படம் வேறு வகைத் தொல்லை. நிறையப் படங்கள் இணையத்தில் உள்ளவர்களுக்கு ஏதோ ஒரு ஜாடை வந்துவிடுகிறது. ஜானகி அம்மாள் போல் சில படங்களே புழங்கும் ஒருவருக்கு, அழகான, கூர்மூக்குள்ள, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணைத் தருகிறது. அந்தப் படத்துக்கடியில் அவர் பெயரை எழுதி மாட்டுவது அவரை மரியாதை செய்வதாகாது.

கூர்மூக்கு என்றதும் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும், இது கையால் வரைபவருக்கும் பொருந்தும். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோடு என்றாலே எல்லா முகமும் வெளுத்துவிடுகிறது. கோடு குறையக் குறைய மூக்கும் உதடும் சின்னதாகிக்கொண்டே போகும், கை அறியாமலே விளம்பரப் பெண்ணின் முகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மூக்கின் இறக்கையையும் கீழுதட்டின் கனத்தையும் விடாமல் வரையுங்கள். பின்னணியைச் செம்மண்ணாகவோ காப்பித் தூள் நிறமாகவோ வைத்துக் கோட்டை வெள்ளையில் போட்டுப் பாருங்கள். டிஜிட்டலில் அது ஒரு நிமிட வேலை, தாளில் வரைந்ததை ஏற்றினாலும் நிறத்தைப் புரட்டிக்கொள்ளலாம். ஜானகி அம்மாள் மஞ்சள் சேலை உடுத்துவதில் பிரியமுள்ளவர் என்பார்கள். முழுக் கோட்டோவியத்தில் அந்த ஒரு மஞ்சளை மட்டும் நிரப்பினால் அவருக்கும் ஓர் அடையாளம் கிடைத்துவிடுகிறது.

எந்தப் படத்தைப் பார்த்து?

புகைப்படத்தை அடியில் வைத்து அப்படியே மேலே கோடு போடலாமா? கண் இருக்கும் இடம், மூக்கின் அடி, வாய்க்கோடு, தாடை, நெற்றி முடி, இந்த ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளும்வரை போடலாம். அதன்பின் புகைப்பட அடுக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைய வேண்டும். கடைசிவரை நகலெடுத்தால் காதுக்கும் கண்ணுக்கும் ஒரே கவனம் போய்ச் சேர்ந்து, முகம் வரைபடம் மாதிரி ஆகிவிடும்.

உரிமைச் சிக்கலும் இருக்கிறது. பழைய புகைப்படம்தானே என்று நினைக்கிறோம். 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தியச் சட்டத்தில் புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுள், அதன்மேல் 60 ஆண்டு என்பதுதான் காலக்கணக்கு. வகுப்பறையில் மாட்டும் படத்துக்கு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. அதையே காலண்டராகவும் டி-ஷர்ட்டாகவும் விற்பதென்றால், பிரபலமான ஒரே படத்தை அச்சு அசலாகக் கோடாக்காமல் மூன்று நான்கு படங்களைப் பார்த்து உங்கள் கோணத்தில் வரைவதுதான் பாதுகாப்பு. முகமும் அப்போதுதான் நன்றாக வரும்.

வேலு நாச்சியாருக்குப் புகைப்படம் ஏது? 18ஆம் நூற்றாண்டுச் சிவகங்கை ராணி. 2008இல் வந்த அஞ்சல் தலை, சிலைகள், சுவரொட்டிகள் எல்லாமே யாரோ ஒரு கலைஞரின் கற்பனை. அவற்றைப் பார்த்து வரைவது இன்னொருவர் படத்தை நகலெடுப்பதுதான். அவருக்கு மட்டும் முகத்தைத் தேடாமல், வாள் பிடித்த கை, குதிரை, பின்பக்கமாகத் திரும்பிய உருவம் என்று போய்விடலாம். வரிசையில் ஒரு படம் மட்டும் அப்படி இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு “சரி, எனக்கு என்ன?” என்பவருக்கு: தாளில் வரையத் தெரிந்தவர் தாளிலேயே வரைந்து ட்ரேஸ் செய்யுங்கள், செலவு ஒரு பேனா. வரையப் பழக்கமில்லை, படம் ஸ்டிக்கராகச் சுவருக்குப் போகிறது என்றால் மவுஸும் இங்க்ஸ்கேப்பும். மார்ச் 8க்குப் பிறகும் வரைந்துகொண்டே இருக்கப் போகிறேன் என்று உறுதியாக நினைப்பவர் பேனா டேப்லெட்டும் கிருத்தாவும். ஐபேட் ஏற்கெனவே இருப்பவர், அல்லது பேருந்திலும் ரயிலிலும் வரைய வேண்டியவர், அதிலேயே வரையட்டும். வீட்டில் எஸ் பென் டேப்லெட் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள். புதிதாக ஐபேட் வாங்குவதை மட்டும் ஆறேழு படங்கள் முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

ஸ்டிக்கர் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடுப்பதற்கு முன் கோடுகள் எல்லாவற்றையும் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்து வடிவமாக்கிவிடுங்கள், இல்லையென்றால் பெரிதாக்கும்போது தடிமன் பழைய அளவிலேயே நின்று எம்.எஸ். நூலாக மெலிந்துவிடலாம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கோரல் டிரா மென்பொருள்தான், இங்க்ஸ்கேப்பின் எஸ்விஜி கோப்பு திறக்கவில்லை என்றால் பிடிஎஃப் கொடுத்தால் திறக்கும். எல்லா முகங்களையும் ஒரே நாளில் வெட்டக் கொடுக்காமல் ஒன்றை மட்டும் முதலில் ஏ4 அளவில் வெட்டி வாங்கி ஒட்டிப் பாருங்கள். மூக்குத்தி அளவுச் சின்னத் துண்டுகள் உரிக்கும்போதே கையோடு வந்துவிடும், அவற்றைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கும்.